கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவருக்கு



ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஓர் ஆலயத்தின் மணி ஒலிக்கின்றது. மக்கள் வந்து கூடுகின்றனர். பாட்டு எழுகின்றது, மன்றாட்டு நடைபெறுகின்றது, மறையுரை நிகழ்கின்றது. இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும் வேளையில், வாசலுக்கு அண்மையிலுள்ள கடைசி வாங்கில் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். மற்றவர்கள் முழந்தாளிடும்போது அவரும் முழந்தாளிடுகின்றார். ஆனால் அவருடைய உதடுகள் அசையவில்லை. ‘அடுத்த கிழமையும் நான் இங்கு வரத்தான் வேண்டுமா?’ என்ற ஒரே வினா அவருடைய உள்ளத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றது. ஆசீர் முடிந்ததும் எவருடைய முகத்தையும் பாராமல் முதலில் வெளியேறிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றார்.

இன்றைய பேச்சு அந்த ஒருவருக்கானது. அவர் கத்தோலிக்கராக இருக்கலாம். மெதடிஸ்தராகவோ அங்கிலிக்கராகவோ தென்னிந்தியத் திருச்சபையினராகவோ இருக்கலாம். எச்சபையினராயினும் அவருடைய வினா ஒன்றே. அவரைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று. எப்படியாயினும் அவரை வாங்கிலே கட்டி வைத்துவிட வேண்டும் என்பதும் நம் நோக்கமன்று. போகலாமா, இருக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அவர் எதை விட்டுப் போக எண்ணுகின்றார் என்பதை அவரோடு சேர்ந்து அமைதியாக எண்ணிப் பார்ப்பதே நம் நோக்கமாகும்.

இத்தகைய தயக்கம் பெரும்பாலும் மூன்று வாயில்களால் உள்ளே புகுகின்றது. முதலாவது, மனிதர் செய்த காயம். குருவானவரோ போதகரோ ஒரு கடுஞ்சொல் சொல்லியிருப்பார். பணமுள்ளவனுக்கு ஒரு முகமும் ஏழைக்கு வேறொரு முகமும் காட்டப்பட்டிருக்கும். சாதிப் பார்வை பலிபீடத்தின் அருகேயும் வந்து நின்றிருக்கும். இரண்டாவது, இறைவனுடைய மௌனம். பதுங்குகுழியின் இருளிலே மன்றாடிய ஒரு தாயின் பிள்ளை திரும்பி வரவில்லை. அதன்பின் ‘கேளுங்கள், தருவார்’ என்று யார் சொன்னாலும் அத்தாயின் காதில் அது ஏறுவதில்லை. மூன்றாவது, வறட்சி. அதே பாட்டு, அதே செபம், அதே மறையுரை என்ற சலிப்பு. அப்பாலுள்ள கொட்டகையிலே புதிய கூட்டம் ஒன்று ஆரவாரத்தோடு அழைக்கும்போது அந்தச் சலிப்பு மேலும் வளர்கின்றது.

இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது. ஆதலின் அவற்றைத் தனித்தனியே நோக்குவோம். ஆயினும் அதற்கு முன்பாக, சபை என்று நாம் எதைச் சொல்கின்றோம் என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அதற்கு வன்னி மண்ணின் பழங்கதை ஒன்று நமக்கு வழிகாட்டும்.

1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க சமயத்தை அவர்கள் தடை செய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடங் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தருடைய கோயிலில் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் காணியுரிமைக்கும் முதுசத்துக்கும் இடர். கத்தோலிக்க மக்கள் பலர் வெளியே ஒல்லாந்தருடைய பதிவேட்டில் பெயரும், வீட்டினுள்ளே மறைத்து வைத்த செபமாலையுமாக வாழ்ந்தனர். சிலர் ஊரையே விட்டுக் காட்டுக்குள் புகுந்தனர்.

1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அங்கிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று மருதமடுவில் தங்கின என்பது வழிவழியாக வரும் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த வேறு குடும்பங்களும் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டன என்பர். இன்று மன்னார் மாவட்ட எல்லைக்குள் அமைந்து, வன்னிப் பெருநிலம் முழுவதற்கும் தாய்வீடு போல விளங்கும் மடுத் திருப்பதியின் தொடக்கம் இதுவே.

நேயர்களே, அந்தக் காட்டினுள்ளே இருந்தவை யாவை என்று எண்ணிப் பாருங்கள். கோபுரமில்லை; மணியில்லை; குருவில்லை; பூசையில்லை. யானையும் காய்ச்சலும் இருந்தன. ஒருவரையொருவர் விட்டுவிடாத சில குடும்பங்கள் இருந்தன. அவர்கள் தோளிற் சுமந்து வந்த ஒரு நினைவு இருந்தது. மூத்தோர் செபத்தைச் சொல்ல, இளையோர் கேட்டுக் கற்றனர். சபை என்பது அக்காலத்தில் அவ்வளவே. அவ்வளவே போதுமானதாகவும் இருந்தது.

1687ஆம் ஆண்டிலே கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயருடைய கோவா நாட்டிலிருந்து, யோசேவ் வாஸ் என்னும் இளங்குரு கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையை வந்தடைந்தார். கடும் வயிற்றுளைவு நோயால் நலிந்திருந்த அவர், உடல் தேறியபின் கழுத்திலே ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டதும் எவருடைய கண்ணில் ஒளி தோன்றுகின்றது என்று பார்ப்பதே அவருடைய உபாயம். அவ்வாறே மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டறிந்தார். சில்லாலைக் கிராமத்தவர் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் கண்டி அரசில் சிறையிருந்து, பெரியம்மை கண்ட நோயாளரைப் பேணி, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அங்கேயே அவர் உயிர் நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்றைய தினமே மடுவுக்கும் சென்று மன்றாடினார்.

இந்த வரலாற்றிலே நாம் பெரும்பாலும் யோசேவ் வாஸ் அடிகளைத்தான் போற்றுகின்றோம். அது தக்கதே. ஆனால் அவர் வருவதற்கு முன்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றிக் காத்திருந்தவர்களை நாம் எண்ணுவதில்லை. முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. 1658இல் பிறந்த குழந்தை, குருவின் முகத்தையே காணாமல் வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். அந்தத் தாய் தன் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்பித்திராவிட்டால், 1687இல் வந்த அடிகளார் கழுத்திலிருந்த மாலையைக் கண்டு ஒளிர ஒரு கண்ணும் இருந்திராது.

இன்னுமொன்று காண்க. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றது. கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளை ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர். அதன்பின், பதிவேட்டிலே பெருந்தொகையாக எழுதப்பட்டிருந்த ஒல்லாந்தச் சபையின் கூட்டம் மளமளவெனக் கரைந்துபோயிற்று. காரணம் வெளிப்படை. உத்தியோகத்துக்காகவும் காணிக்காகவும் அச்சத்துக்காகவும் சேர்ந்திருந்தோருக்கு, அவை நீங்கியபின் அங்கே இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே, ‘நீ போனால் ஊர் என்ன சொல்லும்? கலியாண எழுத்துக்கு எங்கே போவாய்? சவக்காலையில் இடங் கிடைக்குமா?’ என்று அச்சுறுத்தி ஒருவரைச் சபையில் வைத்திருப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் நன்று. அச்சம் ஒருவருடைய பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கும், ஆளை வைத்திராது. அன்பு ஒன்றே ஆளை வைத்திருக்கும்.

இனி, நாம் கூறிய மூன்று வாயில்களுள் முதலாவதை நோக்குவோம்.

சபையின் பணியாளர் ஒருவர் செய்த பிழையால் மனமுடைந்தவர் அநேகர். ‘இவர் கையால் நான் எவ்வாறு நற்கருணை வாங்குவேன்?’ என்று அவர்கள் கேட்கின்றனர். இது புதிய வினா அன்று. வட ஆபிரிக்காவிலே 303ஆம் ஆண்டில் உரோமப் பேரரசனின் கட்டளையால் கிறிஸ்தவர் துன்புறுத்தப்பட்டபோது, குருமாருட் சிலர் அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். துன்பம் தணிந்தபின், ‘அஞ்சியவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, நாங்களே தூயோர்’ என்று ஒரு பகுதியார் பிரிந்தனர். தொனாத்து என்பவரின் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். அப்பிளவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 411ஆம் ஆண்டில் கார்த்தேசு நகரில் இரு பக்கத்து ஆயர்களும் கூடி வாதிட்டனர். அங்கே இப்போ நகர் ஆயராகிய அகுஸ்தீனார் வற்புறுத்திய கருத்து இதுவே: கொடை கிறிஸ்துவினுடையது; கொடுப்பவனுடைய கறை அக்கொடையைக் கறைப்படுத்துவதில்லை. நீரைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும் கல்வாய்க்காலை அவர் வேறோரிடத்தில் உவமை காட்டினார். கல்லிலே எதுவும் முளைப்பதில்லை. ஆனால் அதன்வழிச் சென்ற நீரால் தோட்டம் செழிக்கின்றது.

வன்னியில் வாழ்வோருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்து நீர் எத்தனையோ சேறு படிந்த வாய்க்கால்களின் வழியாகவே வயலுக்கு வருகின்றது. வாய்க்கால் அழகில்லை என்பதற்காக எந்தக் கமக்காரனும் தன் வயலைக் காயவிடுவதில்லை.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வாய்க்கால் உடைந்திருந்தால் அதைக் கட்டவேண்டும்; அதிலே நஞ்சு கலந்திருந்தால் அதை மறிக்கவேண்டும். பணியாளர் ஒருவர் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ தீங்கு செய்தால், ‘பொறுத்துக்கொள், சபையின் மானம் போய்விடும்’ என்று சொல்வது அகுஸ்தீனாருடைய போதனையும் அன்று. ஆண்டவருடைய போதனையும் அன்று. தீங்கிலிருந்து முதலில் விலகிப் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். பொறுப்பானவர்களிடமும் வேண்டுமாயின் பொலிசாரிடமும் அதைத் துணிந்து உரைக்க வேண்டும். அவ்வாறு உரைப்பவர் சபையின் பகைவர் அல்லர். சேறு வாருபவன் வாய்க்காலின் பகைவன் ஆவானா? சபையில் நிலைத்திருத்தல் என்பது வாய்பொத்தி இருத்தல் அன்று. சாதி பார்ப்பதைக் கண்டால் அதைச் சாதி என்றே சொல்லவேண்டும். கணக்கு மறைக்கப்பட்டால் கணக்குக் கேட்கவேண்டும். இருந்துகொண்டே கேட்பவனுடைய சொல்லுக்கு, போய்விட்டவனுடைய சொல்லுக்கு இல்லாத வலிமை உண்டு.

இன்னும், ஒருவர் செய்த பிழையை எல்லார்மீதும் ஏற்றுதல் மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது போலாகும். உங்களைப் புண்படுத்தியவர் ஒரு குரு எனின், வேறு சிலரும் குருமாராகவே இருந்தனர் என்பதையும் மறவாதீர்கள். கிளிநொச்சி உருத்திரபுரத்திலே பணியாற்றிய சரத்ஜீவன் அடிகளார், போரின் இறுதிவரை மக்களோடு தங்கியிருந்து, அவர்களோடு வெளியேறிய வேளையில், 2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் உயிர் நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், அதே நாளிற் சரணடையச் சென்றவர்களுக்குத் துணையாகச் சென்றார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. இவர்களும் அந்தத் திருச்சபையின் பிள்ளைகளே.

இரண்டாவது வாயில் இதைவிடக் கடினமானது. அதுவே இறைவனுடைய மௌனம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், நத்தாரின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று முல்லைத்தீவுக் கரையிற் கடல் ஏறி வந்து பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுசென்றது. ஐந்தாண்டு நிறைவதற்குள், அதே கரையின் தெற்கிலும் மேற்கிலும் இருந்து துரத்தப்பட்ட மக்கள் முள்ளிவாய்க்கால்வரை ஒடுங்கினர். உயிரோடு வெளியேறியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம்பேர் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டனர். அதற்கு முன்னரே, 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், அடைக்கலம் என்று நம்பி ஓடிவந்தோர் தங்கியிருந்த மடுத் திருப்பதியிலேயே எறிகணைகள் வீழ்ந்து நாற்பது பேரளவில் மாண்டனர். இவற்றைக் கண்ட ஒருவர், ‘அன்று மாதா எங்கே? ஆண்டவர் எங்கே?’ என்று கேட்டால், அதை அவநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?

இதற்கு ஒரு விடையைத் தட்டில் வைத்து நீட்ட நாம் துணியமாட்டோம். துன்பத்தைக் கண்ணாற் காணாத ஒருவர் வந்து, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்வதைக் கேட்டே பலர் கோயிலை விட்டுப் போயினர். ஆனால் வேதத்தில் ஒருவர் இருக்கின்றார். அவரை அறிமுகம் செய்துவைக்கலாம். அவர் பெயர் தோமையார். நம் தமிழகத்து மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்று மரபு கூறும் அதே தோமையார்.

உயிர்த்த நாளின் மாலையிலே ஆண்டவர் சீடருக்குத் தோன்றியபோது தோமையார் அங்கில்லை. மற்றவர்கள் மகிழ்ச்சியோடு சொன்னதை அவர் நம்பவில்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி ஏற்கமாட்டேன் என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். இதன்பின் என்ன நிகழ்ந்தது என்பதை நாம் விரைந்து வாசித்துவிடுகின்றோம். எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தபோது, தோமையார் அந்த அறைக்குள்ளே மற்றவர்களோடு இருந்தார். அந்த எட்டு நாளையும் எண்ணிப் பாருங்கள். எல்லாரும் மகிழ்ந்திருந்த வீட்டிலே மகிழ முடியாத ஒருவர். நம்பாதவராக இருந்தும் அவர் போகவில்லை. நம்புவதாக நடிக்கவும் இல்லை. மற்றப் பத்துப்பேரும், ‘நம்பாதவனுக்கு இங்கென்ன வேலை?’ என்று அவரை வெளியே தள்ளவும் இல்லை. ஐயத்தோடு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

மேலும், உயிர்த்து வந்தவருடைய உடலிற் காயங்கள் ஆறி மறைந்துபோகவில்லை. காயத்தைக் காட்டியே அவர் தம்மை அறிவித்தார். ஆதலால், காயமுள்ளவர் தம் காயத்தை மறைத்துக்கொண்டுதான் ஆலயத்துக்குள் வரவேண்டும் என்பதில்லை. மகனுடைய நிழற்படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய், அந்தப் படத்தோடே ஆலயத்துக்குள்ளும் வரலாம். பாட முடியாவிட்டாற் பாடவேண்டாம். அழலாம். ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். உங்களால் செபிக்க முடியாத நாளில், பக்கத்து வாங்கிலுள்ளவர் உங்களுக்காகவும் சேர்த்துச் செபிப்பார். சபை என்ற ஒன்று இருப்பதன் பெரும் பயன் அதுவே.

மூன்றாவது வாயில் வறட்சி. புதிய கூட்டங்களிற் கிடைக்கும் உற்சாகத்தைப் பலர் நாடுகின்றனர். அங்கே தம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள், தலையிற் கைவைத்துச் செபித்தார்கள் என்று அவர்கள் கூறுவதைக் கேட்கின்றோம். அதை ஏளனஞ் செய்தல் தகாது. நாம் கொடுக்கத் தவறியதையே அவர்கள் வேறிடத்தில் பெற்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சபையிலும் இத்தகைய வறட்சி இருந்தது. அச்சபையின் குருவாகிய யோன் வெஸ்லி பல கோயில்களிற் பிரசங்க மேடை மறுக்கப்பட்டு, 1739ஆம் ஆண்டு முதல் வெளியிடங்களில் நின்று போதித்தார். ஆயினும் 1791இல் இறக்கும்வரை அவர் தம் சபையை விட்டு விலகவில்லை. அவர் கைக்கொண்ட வழி எளியது. மக்களைப் பன்னிரண்டு பேரளவிலான சிறு வகுப்புகளாகப் பிரித்தார். வாரந்தோறும் கூடி ஒருவர் மற்றவருடைய நலத்தை உசாவச் செய்தார். அவருக்குப் பின் அவரைச் சார்ந்தோர் தனிச் சபையாயினர் என்பதும், அவர்கள் 1814இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பணி தொடங்கினர் என்பதும் நேயர்கள் அறிந்தவையே. நாம் இங்கே கருதுவது அந்தச் சிறு வட்டத்தை. ஐந்நூறு பேருள்ள ஆலயத்தில் ஒருவர் தனித்துப் போகலாம். பத்துப்பேருள்ள விறாந்தையில் அவ்வாறு போக முடியாது. உங்கள் ஆலயத்தில் அத்தகைய வட்டம் இல்லையெனின், இருவர் மூவரோடு நீங்களே அதைத் தொடங்கலாம். அதற்கு எவருடைய அநுமதியும் வேண்டியதில்லை. ஒரு பாயும் ஒரு கேத்தில் தேநீரும் போதும்.

நேயர்களே, நிலைத்திருத்தல் என்பது அசையாமல் ஓரிடத்தில் இருத்தல் அன்று என்பதற்குக் கிளிநொச்சி மாவட்டமே நமக்கு ஒரு சான்று தருகின்றது. பூநகரிப் பிரிவின் மேற்குக் கடலிலே இரணைதீவு என்னும் இரட்டைத் தீவு உண்டு. அங்கு வாழ்ந்த கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் 1992ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, முழங்காவிலுக்கு அண்மையில் இரணைமாதாநகரிற் குடியமர்ந்தனர். போர் முடிந்தபின்னரும் தீவு கடற்படையின் பொறுப்பிலேயே இருந்தது. 2017ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், ஊருக்குத் திரும்ப வழிவிடும்படி கோரி அம்மக்கள் தொடர்ந்த அறப்போராட்டத்தை ஆரம்பித்தனர். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், வெள்ளைக் கொடி கட்டிய வள்ளங்களில் ஏறித் தாமாகவே தீவுக்குச் சென்று இறங்கினர். கரையேறியவர்கள் தம் வீட்டுச் சுவர்களைத் தேடுமுன் பாழடைந்து நின்ற தம் செபமாலை மாதா ஆலயத்துக்குச் சென்று மன்றாடினர்.

இருபத்தாறு ஆண்டுகள் அவர்கள் தம் ஆலயத்தில் இல்லை. ஆயினும் அவர்கள் அதை விட்டுவிட்டவர்கள் அல்லர். அங்கு ஒரு நாளும் வாழ்ந்திராத பிள்ளைகளும் அந்த வள்ளங்களிலே இருந்தனர். 1670இல் மாந்தையிலிருந்து மடுவுக்குச் சொரூபத்தைச் சுமந்து போனவர்களும், 2018இல் வள்ளமேறித் திரும்பி வந்தவர்களும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றனர். சபை என்பது நாம் சென்று அமரும் கட்டடம் அன்று. நாம் ஒருவரையொருவர் சுமந்துசெல்லும் பயணம்.

ஆதலின், கடைசி வாங்கில் இருப்பவரே, முடிவு செய்யுமுன் நான்கு காரியங்களைச் செய்து பார்க்கும்படி உங்களை வேண்டுகின்றோம்.

முதலாவதாக, நீங்கள் விட விரும்புவது ஆண்டவரையா, மக்களையா, அல்லது ஒரு காயத்தையா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காயத்தை விட விரும்புபவர் சபையை விட்டாலும் காயம் அவரோடு கூடவே போகும். இரண்டாவதாக, உங்கள் உள்ளத்திலிருப்பதை நம்பத்தக்க ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் குருவாக இருக்கவேண்டும் என்பதில்லை, நீங்கள் மதிக்கும் ஒரு பெரியம்மாவாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். கோபம் கொதிக்கும் நாளிலும், துக்கம் மேலிட்ட நாளிலும் முடிவு செய்யாதீர்கள். தோமையார் எட்டு நாள் இருந்தார். நீங்கள் ஒரு தவக்காலம் இருந்து பாருங்கள். நான்காவதாக, அக்காலத்திலே பெறுவதற்கன்றிக் கொடுப்பதற்காக ஒருமுறையேனும் ஆலயத்துக்குச் செல்லுங்கள். கடைசி வாங்கில் உங்களைப் போலவே இன்னொருவர் இருப்பார். அவருக்கு அருகிற் சென்று அமர்ந்து, ‘சுகமாக இருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள்.

இவையெல்லாம் செய்தபின்னரும் போகவேண்டும் என்றே ஒருவருடைய மனச்சாட்சி கூறுமாயின், அவரை நாம் சபிக்கமாட்டோம். யெருசலேமை விட்டு எம்மாவு ஊருக்கு மனமுடைந்து நடந்த இருவரை நினைத்துக்கொள்வோம். அவர்கள் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆண்டவர் அவர்களை மறித்து நிறுத்தவில்லை. அவர்கள் போன வழியிலேயே உடன் நடந்தார். அவர்களுடைய கதையை முதலிற் கேட்டார். இராவுணவு வேளையில் அவர்கள் கண் திறந்தது. அந்த இரவிலேயே தாமாகத் திரும்பி வந்தனர்.

இது சபையில் நிலைத்திருப்போருக்கும் ஒரு பாடமாகும். உங்கள் பங்கிலிருந்தோ சபையிலிருந்தோ ஒருவர் சில கிழமைகளாக வரவில்லையெனின், அவரைப்பற்றிப் பேசுவதை விட்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவருடைய பிள்ளையின் கலியாணத்துக்குப் போங்கள்; அவர் வீட்டுச் செத்தவீட்டில் நில்லுங்கள். அவர் திரும்பி வரும் நாளில், ‘இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்?’ என்று கேளாமல், வாங்கிலே சற்றுத் தள்ளி அமர்ந்து இடங் கொடுங்கள்.

முப்பது ஆண்டுகள் குருவின் முகத்தைக் காணாதிருந்தும் தன் பிள்ளையின் நெற்றியிலே சிலுவை வரைந்த அந்தப் பெயரறியாத தாயை மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். தன் காலத்திலே விளைச்சலைக் காணமாட்டோம் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும். ஆனாலும் விதையை அவள் கைவிடவில்லை. கடைசி வாங்கில் இருப்பவரே, இன்று உங்கள் உதடுகள் அசையாவிட்டாலும், நீங்கள் அங்கே இருக்கின்றீர்கள். அவ்வளவும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் அது தொடக்கத்துக்குப் போதும்.